கேஸ் ஷீட் அப்ரிவியேஷன் எனக்கு எப்படி மனசுல நின்னுச்சு

பிஎஸ்சி நர்சிங் ஃபர்ஸ்ட் இயர்ல முதல் தடவை நோயாளியோட கேஸ் ஷீட்டைக் கையில வாங்குனப்போ ஒண்ணுமே புரியல, சி/ஓ (என்ன தொந்தரவுன்னு வந்தாங்க), எச்/ஓ (முன்னாடி என்ன இருந்துச்சு), எஸ்எச்டிஎன் (ரத்தக் கொதிப்பு)னு வரிக்கு வரி சுருக்கம்தான். இப்போ ஜூனியர்ஸ் நிறைய பேர் லிஸ்ட் கேக்குறீங்க, லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணா வார்டுல மாட்டிக்குவீங்க, அதனால நான் படிச்ச விதத்தைச் சொல்றேன்.

மருந்து நேரம் எல்லாமே லத்தீன்லேருந்து வந்தது. 'பிஸ்'னா ரெண்டு தடவை, அதான் பிடி. 'டெர்'னா மூணு, அது டிடிஎஸ். 'க்வாட்டர்' நாலு, க்யூஐடி. எஸ்ஓஎஸ்னா 'சி ஓபுஸ் சிட்', தேவைப்பட்டா மட்டும்னு அர்த்தம். வைவால (வாய்மொழித் தேர்வுல) இதைக் கேட்டா பாதிப் பேர் எமர்ஜென்சின்னு சொல்லிடுறாங்க, அது ஸ்டாட். பாராசிட்டமால் எஸ்ஓஎஸ்னு இருந்தா காய்ச்சல் வந்தா குடுக்கணும், இல்லன்னா வேண்டாம், ஆனா இஞ்செக்ஷன் ஸ்டாட்னு இருந்தா ஆர்டர் போட்ட கையோட போட்டாகணும். என்பிஎம்னா வாயில எதுவும் குடுக்கக் கூடாது, இதை நோயாளி கூட இருக்குற அட்டெண்டர் கிட்ட சொல்றப்போ "தண்ணி, காபி கூட வேணாம்மா"ன்னு பிரிச்சு சொல்லுங்க, வெறும் வயிறுன்னு சொன்னா காபி குடுத்துடுவாங்க.

அப்புறம் கண் வார்டு போஸ்டிங். ஷீட்ல 'மாக்ஸிஃப்ளாக்ஸசின் டிராப்ஸ் ஓடி க்யூஐடி'ன்னு இருந்துச்சு, ஓடின்னா தினமும் ஒரு தடவைன்னு தானே படிச்சோம், அப்புறம் எப்படி நாலு தடவைன்னு பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன், சிஸ்டர் வந்து "இங்க ஓடின்னா வலது கண்ணும்மா, ஓஎஸ்னா இடது"ன்னு சொன்னாங்க. கேக்காம இடது கண்ணுல விட்டிருந்தா? இன்னைக்கும் அதை நெனச்சா பதறுது. அதே மாதிரி எம்எஸ்னா கார்டியாலஜில மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதய வால்வு சுருங்குறது), நியூரோல மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்பு மண்டல நோய்).

இன்சுலின் எழுதுறப்போ மட்டும் ரொம்ப கவனம். யூனிட்டுக்கு வெறும் 'யூ' எழுத்து போட்டா அது பூஜ்யம் மாதிரி தெரிஞ்சு 4 யூனிட் 40 ஆயிடும், அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று குடுக்குற ஜாயின்ட் கமிஷன் 2004லயே இதைப் பயன்படுத்தக் கூடாத லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க, 1.0ன்னு கடைசில பூஜ்யம் போடுறதும் அதுல இருக்கு, புள்ளி மங்கலா இருந்தா 10 தான். யூனிட்னு முழுசா எழுதுங்க.

ஒரு பாக்கெட் நோட் வச்சுக்கோங்க, சுருக்கம், முழு வார்த்தை, எந்த வார்டுல பாத்தேன், இந்த மூணும் எழுதுங்க. ஃபைனல் இயர் பிராக்டிகலுக்கு நான் கடைசியா புரட்டுனது அந்த நோட்டைத்தான்.