தூங்கும் பெட்டியை எழுப்பும் டிரைவர்: ஒரு ரிவ்யூ அனுபவம்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மோட்டார் கொட்டகைக்குள் வைக்கிற சின்ன லினக்ஸ் பெட்டி ஒன்றை நாங்கள் செய்கிறோம். மண் ஈரத்தையும் கிணற்று நீர்மட்டத்தையும் பதிந்து வைத்துக்கொள்ளும். சோலார் பேனலும் பேட்டரியும்தான் அதற்குச் சோறு. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் உள்ளே வந்துவிட்டால் பேனலை நம்ப முடியாது. அதனால் பெட்டி பெரும்பாலான நேரம் சஸ்பெண்டில், அதாவது தூக்க நிலையில், கிடக்க வேண்டும், தோப்பு வீட்டு ரவுட்டரிலிருந்து கேபிள் வழியாகக் கூப்பிட்டால் மட்டும் எழ வேண்டும். வேக் ஆன் லேன், அதாவது நெட்வொர்க் வழியாக எழுப்புவது, இதற்கென்றே இருக்கிற வசதி. ஆனால் எங்கள் ஈதர்நெட் (கேபிள் நெட்வொர்க்) சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரில் அது எழுதப்படவில்லை. கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் அதைச் சேர்க்க ஒரு பேட்ச் (கோட் திருத்தம்) எழுதினான், அதைப் படித்துச் சரிபார்க்கும் ரிவ்யூ என் தலையில் விழுந்தது.

எழுப்பும் பாக்கெட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. 255 என்ற பைட் 6 முறை, அப்புறம் எழ வேண்டிய கருவியின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதற்குரிய 6 பைட் அடையாள எண்) 16 முறை, ஆக 102 பைட். மேஜிக் பாக்கெட் என்பது இதைத்தான். பிராசஸர் தூங்கும்போது சிப்பே இந்த வரிசையைத் தேடிக் கண்டுபிடித்து, எழுப்புவதற்கு ஓர் இன்டரப்ட் (குறுக்கீட்டுச் சைகை) கொடுக்கும்.

டிரைவரில் இதற்கான புதிய வரிகள் கொஞ்சம்தான். நெட்வொர்க் அமைப்பை மாற்றும் ஈத்டூல் கட்டளை வந்து சேர, வேக் அமைப்பைச் சொல்ல ஒரு கெட்-வோல், அதை மாற்ற ஒரு செட்-வோல், அப்புறம் தூங்கும்போது ஓடும் சஸ்பெண்டிலும் எழும்போது ஓடும் ரெஸ்யூமிலும் சில மாற்றங்கள். அந்த வரிகளை மட்டும் படித்தால் காபி ஆறுவதற்குள் ரிவ்யூ முடிந்துவிடும். என் அனுபவத்தில் பேட்ச் தொடாமல் விட்ட பழைய வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. மற்ற எல்லாம் அணைந்த பிறகு எதெது அணையாமல் இருக்கப்போகிறது, அதற்கு யார் பொறுப்பு என்று முதலில் பார்க்க வேண்டும். ஆகவே கோட் வரிகளை அப்புறம் பார்க்கலாம் என்று சர்க்யூட் படத்தை விரித்தேன்.

மேஜிக் பாக்கெட்டைப் பார்க்க, கேபிளோடு பேசும் ஃபை சிப்புக்குக் கரண்ட் வேண்டும், பாக்கெட்டை வாங்கிப் பார்க்கும் மேக் பகுதியின் ரிசீவ் கிளாக் ஓட வேண்டும், இன்டரப்ட் போய்ச் சேரும் இடமும் தூக்கத்தில் உயிரோடு இருக்க வேண்டும். கிளாக்கைத் தம்பி சரியாக விட்டுவைத்திருந்தான். இன்டரப்ட் கம்பியும் எப்போதும் உயிரோடு இருக்கும் பகுதிக்குத்தான் போகிறது. ஆனால் சஸ்பெண்ட் ஃபங்ஷனின் கடைசியில் ஃபைக்குக் கரண்ட் கொடுக்கும் ரெகுலேட்டரை அணைக்கும் பழைய வரி அப்படியே இருந்தது.

கேட்டதற்கு, "டெஸ்ட்ல எந்திரிச்சிருச்சுங்கண்ணா" என்றான். "எந்திரிச்சது சரி தம்பி, கரண்ட் எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தியா?" என்றேன்.

டெஸ்ட் போர்டில் அதே ரெகுலேட்டரிலிருந்து இன்னொரு கருவியும் கரண்ட் எடுத்தது. லினக்ஸில் ரெகுலேட்டருக்கு எண்ணிக்கை உண்டு. ஒருவர் விட்டாலும் இன்னொருவர் பிடித்திருக்கும்வரை அணையாது. அந்தக் கருவியின் டிரைவர் தூக்கத்திலும் விடவில்லை, அந்தப் புண்ணியத்தில் ஃபைக்கும் கரண்ட் கிடைத்தது. தோப்புக்குப் போகும் போர்டில் அந்தக் கருவியே கிடையாது. அங்கே வைத்திருந்தால் பெட்டி எழுந்திருக்காது, காரணமும் லேசில் பிடிபட்டிருக்காது. எழ அனுமதி இருக்கும்போது ரெகுலேட்டரைத் தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்ததும் அது தீர்ந்தது.

அடுத்தது எனேபிள்-ஐஆர்க்யூ-வேக், ஓர் இன்டரப்டுக்குப் பெட்டியை எழுப்பும் உரிமை தரும் ஃபங்ஷன். இதைச் செட்-வோலுக்குள் வைத்திருந்தான். பல டிரைவர்களில் அப்படித்தான் இருக்கிறது, பார்த்து எழுதியிருப்பான். இதற்கும் எண்ணிக்கை உண்டு. ஒருவர் ஈத்டூலில் மேஜிக்குக்கு 'ஜி' கொடுக்கிறார், அப்புறம் பிராட்காஸ்ட்டையும் (எல்லாக் கருவிகளுக்கும் போகும் பாக்கெட்) சேர்த்து 'பிஜி' என்று மாற்றுகிறார், கடைசியில் 'டி' கொடுத்து அணைக்கிறார். கூட்டியது இரண்டு முறை, கழித்தது ஒரு முறை. ஈத்டூல் அணைந்திருக்கிறது என்று சொல்லும், இன்டரப்டோ இன்னும் எழுப்பத் தயாராக நிற்கும். கழித்தது அதிகமானால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாகில் அன்பேலன்ஸ்டு என்று எச்சரிக்கை வரும், அதையாவது யாராவது கவனிப்பார்கள். கூட்டியது அதிகமானால் சத்தமே இருக்காது. இந்தக் கணக்கு நமக்கு எதற்கு? டிரைவர் தொடங்கும்போது ஓடும் புரோபில் டெவ்-பிஎம்-செட்-வேக்-ஐஆர்க்யூ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், தூங்கப் போகும்போது அனுமதி இருக்கிறதா என்று பார்த்து கெர்னலே போட்டு, எழுந்ததும் எடுத்துவிடும். செட்-வோலில் டிவைஸ்-செட்-வேக்கப்-எனேபிள் மட்டும் மிச்சம்.

புரோபிலேயே வேக்கப்பை இயக்கி வைக்கும் வரி ஒன்றும் இருந்தது. அதே நேரம் ஈத்டூல் 'டி' என்று காட்டியது. ஒரே கருவிக்கு இரண்டு பேச்சு கூடாது. எழுப்பும் திறன் உண்டு என்று மட்டும் சொல்லி, அணைந்த நிலையிலேயே விடச் சொன்னேன்.

எழுப்பும் பாக்கெட்டோடு வர வேண்டிய செக்யூர்-ஆன் கடவுச்சொல்லும் டிரைவரின் ஆதரவுப் பட்டியலில் இருந்தது. அந்தக் கடவுச்சொல்லை சிப்பில் எழுதும் வரியைத் தேடினேன், எங்கும் இல்லை. டேட்டாஷீட்டில் இருப்பதையெல்லாம் பட்டியலில் போடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி ஒருவர் இயக்குவார். எடுத்துவிட்டோம்.

எனக்குப் பிடித்த பிரச்சினை ரெஸ்யூமில் இருந்தது. எங்கள் சிப்பில் தூக்கத்துக்கென்று ஒரு பிட் உண்டு. அது போட்டிருக்கும்வரை எழுப்பும் பாக்கெட்டைத் தவிர வருகிற எதையும் மேக் வாங்காமல் கீழே போட்டுவிடும். மேஜிக் பாக்கெட் வந்தால் அந்த பிட் தானாக அழியும். அதை நம்பித் தம்பி ரெஸ்யூமில் அழிக்கவில்லை. ஆனால் பெட்டியை ஆர்டிசி (உள்ளே ஓடும் கடிகாரம்) அலாரமும் எழுப்பும், பட்டனை அமுக்கினாலும் எழும். அப்படி எழுந்தால் பிட் அப்படியே நிற்கும். லிங்க் விளக்கு எரியும், பாக்கெட் வெளியே போகும், உள்ளே ஒன்றும் வராது. பட்டனை அமுக்கிக் காட்டியதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எது எழுப்பினாலும் பிட்டைக் கையால் அழித்துவிட வேண்டும். தூங்கப் போகும்முன் பழைய வேக் ஸ்டேட்டஸையும் அழிக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் படுத்த உடனே எழுந்துகொள்ளும்.

தூங்கும்முன் லிங்க் வேகத்தைக் குறைக்க ஃபை-ஸ்பீட்-டவுன் கூப்பிடும் யோசனை தம்பியுடையது. 102 பைட்டுக்காக ஜிகாபிட் லிங்கைத் தாங்கிக்கொண்டிருப்பது பேட்டரிக்குத் தண்டம், 10 எம்பிபிஎஸ் தாராளம். எழுந்ததும் ஃபை-ஸ்பீட்-அப்.

தோப்பில் சோதித்தபோது மிஞ்சிய தகராறு டிரைவருடையது அல்ல. பெட்டியின் ஐபி முகவரிக்கே எழுப்பும் பாக்கெட்டை அனுப்பினால் தூங்கிய புதிதில் எழும், நேரம் கழித்து அனுப்பினால் எழாது. தூங்கும் பெட்டி 'இந்த ஐபிக்கு உரிய மேக் முகவரி எது' என்ற ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்லாது, ரவுட்டரின் நினைவிலிருந்து அதன் மேக் முகவரி போய்விடும். அதனால் பிராட்காஸ்ட்டாக, வழக்கமான யுடிபி 9ஆம் போர்ட்டுக்கு அனுப்புகிறோம். பொள்ளாச்சியில் இருக்கும் தோட்டக்காரர் வெளியிலிருந்து நேராக பிராட்காஸ்ட் செய்ய முடியாது, ரவுட்டர் அதைக் கடத்தாது. அவர் விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக ரவுட்டருக்குள் வந்து, அங்கிருந்து அனுப்பும்படி ரவுட்டருக்கே சொல்கிறார்.

பேட்சைச் சேர்த்தாயிற்று. ஈத்டூலில் கொடுத்த அமைப்பு ரீபூட் ஆனால் போய்விடும் என்பதால், பூட் ஆகும்போது அமைப்புகளைப் போட்டுத் தரும் சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில் வேக்-ஆன்-லேன் மேஜிக் என்ற வரியைச் சேர்த்து இமேஜோடு அனுப்புகிறோம்.