மீதி நாடாவில் ஒரு பைலா

நாங்கள் படித்த காலத்தில் எந்தப் பாட்டுக்கு எவ்வளவு கிராக்கி என்று அறிய, சனிக்கிழமை காலையில் நகரத்து ஒலிப்பதிவுக் கடையில் போய் நின்றால் போதும். கொப்பித் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, வெறும் கசற்றோடு கொடுத்துவிட்டு வருவோம். சி-60 என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம். சினிமாப் பாட்டுகளை நிரப்பிய பிறகு இரண்டு மூன்று நிமிட நாடா மிஞ்சினால், கடைக்காரர் கேட்காமலே இலங்கையின் துள்ளாட்டப் பாட்டான பைலா ஒன்றைப் பதிந்துவிடுவார். அதை அழித்துத் தரச் சொல்லி எவரும் வந்ததில்லை. அடுத்த முறை பட்டியலின் முதல் வரியிலேயே அந்தப் பைலா ஏறிவிடும்.

எங்கள் சங்கீத ஆசிரியருக்கு இது ஆகாது. போர்த்துக்கேயன் போட்டுவிட்டுப் போன கூத்து என்பார். வரலாற்றின்படி அவர் சொன்னதில் பாதி உண்மை. போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் வந்த தாளம் கரையோரத்தில் ஊறிக் கிடந்தது. 1940களில் வொலி பஸ்தியான் என்ற பொலிஸ்காரர் அதைச் சிங்களப் பைலாவாக்கி ஊரெல்லாம் பாடவைத்தார். பிறகு நம்மவர் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு வந்து 'சின்ன மாமியே' பாடினார். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யோ சிங்களத்தையும் தமிழையும் ஒரே மூச்சில் பாடி, கடல் கடந்து தமிழ்நாட்டையும் ஆட்டிவைத்தது.

தாளம் கலந்ததால் மட்டும் இவை விலைபோயின என்று நான் நம்பவில்லை. அந்த மாமி எங்கள் ஒழுங்கையில் இருந்தவர். நித்தியின் இன்னொரு பாட்டில் வரும் கள்ளுக்கடைக்குப் போகாதே என்ற புத்திமதி எங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் கேட்டது. அந்நியத் தாளத்துக்குள் அயல்வீட்டுப் பேச்சு கேட்டதால்தான் காசு கொடுத்தோம். இன்று நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் கலப்பிசை என்று அரங்கு நிறைய டிக்கெட் விற்கிறார்கள். நானும் வாங்குகிறேன். மிருதங்கமும் சாக்சபோனும் ஒன்றையொன்று வணங்கி வழிவிடுகின்றன; நாங்கள் மரியாதையாகக் கைதட்டிவிட்டு வாகனத் தரிப்பிடத்துக்கு நடக்கிறோம். வீட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுக்க ஒரு வரிகூட மிஞ்சுவதில்லை.

எங்கள் பழைய மாணவர் சங்க இராப்போசனத்தில் நடப்பது வேறு. பைலா தொடங்கியதும் கணக்காளர்களும் வைத்தியர்களும் இடியப்பத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்புகிறார்கள். தமிழ் தட்டுத்தடுமாறும் பேரப்பிள்ளைகள் இன்னொரு முறை போடச் சொல்லி ஒலிபெருக்கிக்காரரை மொய்க்கிறார்கள். ஆகவே, ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்: இம்முறை பைலாவைக் கடைசி அரை மணிக்கு ஒதுக்கிவிடாதீர்கள், எட்டரைக்கே தொடங்குங்கள். எங்கள் வகுப்பாரின் முழங்கால் மாத்திரை பத்து மணிக்கு மேல் வேலை செய்வதில்லை.