விந்தணு பூஜ்யம் என்று வந்தால் அடுத்து என்ன கேட்க வேண்டும்?

கல்யாணமாகிச் சில வருஷம் டெஸ்ட் எல்லாம் என் மனைவிக்குத்தான். ஸ்கேன், தைராய்டு, கருக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே, முட்டை வளர மாத்திரை. வலி இல்லாத, செலவும் குறைந்த விந்துப் பரிசோதனையை எனக்கு எழுதிக்கொடுக்க முதலில் பார்த்த இடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

பிறகு வேறு டாக்டர் எழுதிக்கொடுத்தார். அணுவே இல்லை. சில வாரம் விட்டு மறுபடியும் கொடுத்தேன். மாதிரியை மெஷினில் சுழற்றி, அடியில் படிந்ததையும் பார்த்தார்கள். அதிலும் இல்லை. அசூஸ்பெர்மியா என்றார்கள். நூறு ஆண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு இருக்கிறதாம். கையோடு டோனர் பேச்சையும், அதாவது வேறொருவரின் விந்தணுவை வைத்துக் குழந்தை பெறும் பேச்சையும் எடுத்தார்கள். டோனர் முறையில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் என் மனைவி, "ஏன் இல்லைன்னு மொதல்ல தெரியட்டுங்க" என்றாள். அதற்காகத்தான் கோவைக்குப் போனோம்.

ஆண்களுக்கான சிகிச்சையை மட்டுமே பார்க்கும் டாக்டர் அவர். விரையின் அளவு, விந்துக்குழாய் இருக்கிறதா, நரம்புச் சுருட்டு இருக்கிறதா என்று கையாலேயே பார்த்தார். அணு உற்பத்தியாகி வழியில் அடைபட்டிருந்தால் ஊசியிலேயே எடுத்துவிடலாம். உற்பத்தியே குறைவென்றால் கதை வேறு என்றார். எனக்கு விரை சிறியது, அணு உற்பத்திக்காக மூளையிலிருந்து விரைக்கு வரும் எஃப்எஸ்எச் ஹார்மோன் ரத்தத்தில் 19. வழக்கமாக 12-க்குள் இருக்க வேண்டியது. ஆக, இரண்டாவது வகை.

சொந்தக்காரர் ஒருவர் சொன்ன டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் பதறிவிட்டார். ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால் மூளை விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும், உள்ளே கொஞ்சநஞ்சம் உருவாவதும் நின்றுபோகும் என்றார். குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் அந்த ஊசிப் பக்கமே போகாதீர்கள்.

இந்த வகைக்கு விரையைத் திறந்து அணுவைத் தேடும் ஆபரேஷன்தான். கத்தி வைக்கும் முன் இரண்டு ரத்தப் பரிசோதனை: குரோமோசோம் எண்ணிக்கை, ஒய் குரோமோசோமில் விடுபட்ட பகுதி. அதில் ஏஇசட்எஃப் ஏ, பி, சி என்று மூன்று இடங்கள் உண்டு. ஏ அல்லது பி முழுதாக இல்லையென்றால் ஆபரேஷனில் அணு கிடைக்க அநேகமாக வாய்ப்பில்லை. வீணாக அறுக்க வேண்டாம். சி மட்டும் இல்லாதவர்களில் சுமார் பாதிப் பேருக்கு உள்ளே கிடைக்கிறது. எனக்கு இல்லாதது சி மட்டும். இந்த ரிப்போர்ட்டைப் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

அந்த ஆபரேஷனுக்கு மைக்ரோ டீசி என்று பெயர். மயக்கம் கொடுத்து, விரையைத் திறந்து, மைக்ரோஸ்கோப் வழியாக நூல் நூலான குழாய்களைப் பார்க்கிறார்கள். வெறும் குழாய் மெலிந்திருக்கும். அணு உருவாகும் குழாய் கொஞ்சம் தடித்து வெள்ளையாகத் தெரியும். அதைக் கிள்ளி எடுத்துப் பக்கத்து அறைக்கு அனுப்ப, அங்கே எம்ப்ரியாலஜிஸ்ட், அதாவது கரு ஆய்வக நிபுணர், பொடியாக்கித் தேடிக்கொண்டே இருப்பார். மணிக்கணக்கில் ஆனது. எனக்குத் தெளிந்தபோது மனைவி, "அசையறது கெடச்சிருக்குங்க" என்றாள். அவளுக்கும் அதையொட்டியே முட்டை எடுத்திருந்தார்கள். ஒரு முட்டைக்கு ஓர் அணு என்று ஊசியால் உள்ளே செலுத்தும் இக்ஸி செய்தார்கள்.

ஆண் குழந்தை பிறந்தால் இந்தக் குறை அப்படியே அவனுக்கும் போகும் என்று கருவை வைக்கும் முன்பே டாக்டர் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். யோசித்துத்தான் சம்மதித்தோம். பையன்தான் பிறந்திருக்கிறான். என் ஜீன் ரிப்போர்ட்டின் நகல் அவனுடைய தடுப்பூசி அட்டையோடு இருக்கிறது. சி இல்லாதவர்களுக்கு வயது ஏற ஏற அணு குறையக்கூடும் என்பதால், அவன் பெரியவனானதும் விஷயத்தைச் சொல்லி, அவனுக்குச் சம்மதமென்றால் சீக்கிரமே பரிசோதித்து உறைநிலையில் சேமித்துவைக்கச் சொல்வோம்.