வசம்பும் நான்கு தசமத் தராசும்

மகள் பிறந்து ஆறாம் நாள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து இறங்கினா. பையில் ஒடியல் மா, வேர்க்கொம்பு, பத்தியத்துக்கு இடித்த சரக்குத்தூள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைத் துணியில் முடிந்த வசம்பு. அன்றிரவே அதை விளக்கெண்ணெயில் தோய்த்து விளக்குச் சுடரில் கருக்கி, சந்தனக் கல்லில் என் பாலை விட்டு உரைத்து, சுண்டுவிரலால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவிவிட்டா. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூலிகைகளின் வேதியியலில் பட்டமேற்படிப்புப் படிக்கிறவள். வாயே திறக்கவில்லை. தையல் வலி, தூக்கமில்லை, பிள்ளை அழுகையை நிறுத்தினால் போதும் என்றிருந்தது.

கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே என்னை ஆய்வுகூட மேசையிலிருந்து எழுப்பிவிட்டிருந்தார்கள். அது நியாயம். அப்போது நான் செய்துகொண்டிருந்தது ஆடாதோடை. இருமலுக்கு நாம் அவித்துக் குடிக்கும் அதே இலைதான். அதிலுள்ள வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக் கூடியது. போதாததற்குக் கரைப்பானாக எடுக்கும் டொலுயீனின் ஆவி வேறு. ஆகவே ஆறேழு மாதம் செடிகளைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையில் அழுத்தி, ஈரத் தாளை மாற்றி, பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை எல்லோரும் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். எனக்கோ அது பிடித்துப்போய்விட்டது. செடி எங்கே, எந்த நாள், யார் பறித்தது என்று எழுதாத தாள் வெறும் சருகு.

நியாயமில்லாதது வேறொன்று. நிரந்தர ஊழியருக்குச் சம்பளத்தோடு 84 வேலை நாள் பிரசவ விடுமுறை. ஆராய்ச்சிக் கொடுப்பனவில் இருக்கும் எனக்கோ, ‘நீங்கள் ஊழியர் அல்ல, மாணவி’ என்று ஒரு வரிக் கடிதம். பிள்ளை பெற்ற மாதங்களுக்குக் கொடுப்பனவு நின்றது. அதே அலுவலகம் கையொப்பம் வைக்கும் புத்தகத்தில் மட்டும் என் பெயரை ஊழியர் வரிசையில் வைத்திருந்தது.

2022 மார்ச்சில் திரும்பிப் போனேன். பொருளாதார நெருக்கடியில் நாடு இருந்த நிலை தெரியும்தானே. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. ஆய்வுகூடத்தில் சாறு வற்றவைக்கும் கருவி பாதியில் நிற்கும். வீட்டு பிரிட்ஜில் எடுத்து வைத்த தாய்ப்பால் சூடேறும். எந்த வெட்டு எத்தனை மணிக்கு என்ற அட்டவணையைப் பார்த்துத்தான் பால் எடுக்கும் நேரத்தையும் சாறு வடிக்கும் நேரத்தையும் வகுத்தேன். பெற்றோல் இல்லாமல் பகல் பராமரிப்பு நிலையத்தின் வான் நின்றதால் அம்மா ஊருக்குப் போகும் பயணத்தைத் தள்ளிப்போட்டா.

என் ஆய்வை வழிநடத்தும் மேடம் எனக்குப் புதிதாகத் தந்த வேர் வசம்பு. சிங்களத்தில் வதகஹ.

“வதகஹ தெரியும்தானே, உங்கட ஆக்களும் பிள்ளைகளுக்குக் குடுக்கிறதுதானே” என்றார் அவருடைய தமிழில். சித்த வைத்தியத்தில் இதற்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே ஒரு பெயர். அன்றிரவு சார்ஜ் லைற் வெளிச்சத்தில், மகள் மடியில் தூங்க, கட்டுரைகளை வாசித்தேன். வசம்பு எண்ணெயில் பீட்டா-அசரோன் என்று ஒரு பொருள். எலிகளின் தீனியில் அந்த எண்ணெயை நெடுநாள் கலந்து கொடுத்தபோது குடலில் புற்றுக்கட்டிகள் வந்தன. அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. எல்லா வசம்பும் ஒன்றல்ல: வட அமெரிக்க வகையில் அந்தப் பொருள் இல்லை, இந்திய வகையின் எண்ணெயில் பெரும்பங்கே அதுதான். வாசித்து முடித்துப் பிள்ளையின் வாயைப் பார்த்தேன். மூன்று மாதமாகத் தடவிய நாக்கு.

காலையில் அம்மாவிடம் சொன்னேன்.

“உனக்கும் உதைத்தான் உரைச்சுத் தந்தனான். உனக்கென்ன வந்தது? படிச்சுப்போட்டு எனக்கே சொல்ல வாறாய்.”

எனக்குப் பதில் இல்லை. எலிக்குக் கொடுத்தது எண்ணெய், நாள்தோறும். அம்மா கொடுப்பது கருக்கிய வேரில் ஒரு தொடுகை. கருக்கும்போது எண்ணெய் எவ்வளவு போகிறது? ஒரு தொடுகை என்றால் எவ்வளவு? நான் வாசித்த எந்தக் கட்டுரையும் சந்தனக் கல்லைப் பற்றி எழுதவில்லை.

புறக்கோட்டை கேபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில் வாங்கிய வேரோடு அம்மாவின் துண்டையும் ஒருநாள் எடுத்துப் போனேன். மில்லிகிராமில் பத்தில் ஒன்று வரை காட்டும் நான்கு தசமத் தராசு. கண்ணாடிக் கதவைச் சாத்தி எடை பார்த்து, கல்லில் மூன்று இழுப்பு இழுத்து, துடைத்துக் காயவைத்து, மறுபடி எடை. ஐந்து தரம் செய்தேன், ஐந்து எடை. கை அழுத்தம் மாறுகிறது, கரி உதிர்கிறது. அம்மாவின் ‘மூண்டு இழுப்பு’ ஓர் அளவே இல்லை. அடுத்து, சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனித் திட்டாகப் பிரித்துக் காட்டும் டீ.எல்.சி. தகட்டில் மூன்று புள்ளி: பச்சை வேர், நன்றாகக் கருகியது, அம்மா கருக்குவது போல மேலே மட்டும் கருகியது. யூ.வி. விளக்கின் கீழே பச்சை வேரில் பீட்டா-அசரோனின் கருந்திட்டு அப்பியிருந்தது. முழுக் கரியில் நான் தேடித்தான் ஏதோ தெரிந்தது. மூன்றாவதில் திட்டுத் தெளிவாகவே நின்றது. உள்ளே வேகாத வேர். இது ஆய்வேட்டில் போடக்கூடிய முடிவல்ல, ஒரே ஒரு தகடு. வீட்டில் பேச எனக்கு அது போதுமாக இருந்தது.

“வாய்க்குள்ள வேண்டாம் அம்மா. கையில கட்டுங்கோ, வயித்தில பூசுங்கோ.”

அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் கறுப்பு நூலில் வசம்பைக் கோத்து மகளின் மணிக்கட்டில் கட்டி, தொப்புளைச் சுற்றி உரைத்துப் பூசினா. மாலையில் நான் வேலையால் வந்து தூக்கினால், கையை எத்தனை தரம் கழுவியிருந்தாலும், என் விரலிலும் அவள் மணிக்கட்டிலும் ஒரே மணம்.

ஊருக்குப் போகுமுன் அம்மா மிச்ச வேரை ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு வைத்தா. பழக்கதோஷம், நான் அதற்கும் சீட்டு ஒட்டினேன்: பெயர், இடம், திகதி. கடைசி வரியில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’.

கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தா அம்மா.

“வேர் ஆர் தந்ததெண்டு எழுதேல்லையே?”

பேனையை எடுத்து அம்மாவின் பெயரையும் எழுதினேன்.