கனகாம்பரமும் காவலாளியும்

நேற்றுக் காலை தெருவோரம் பூக்கட்டும் ஆயாவின் விரல்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன், அவரைக் கேட்டுவிட்டுத்தான். வாழைநார் சுற்றும் வேகத்துக்கு என் கேமரா திணறியது. அதற்குள் பின்னாலிருந்த கட்டடத்தின் காவலாளி ஓடிவந்துவிட்டார். "இங்கே படமெடுக்கக் கூடாது சார், உடனே அழியுங்கள்!"

அழிக்கவில்லை. பொதுத்தெருவில் நின்று படமெடுப்பதைப் பொத்தாம்பொதுவாகத் தடுக்கும் சட்டம் நாட்டில் இல்லை. கட்டடத்தைப் படமெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே சொல்கிறது. 1923ஆம் ஆண்டு அலுவல்சார் இரகசியச் சட்டத்தைக் காட்டி மிரட்டுபவர்களும் உண்டு. காவல் நிலையமே அச்சட்டப்படி 'தடைசெய்யப்பட்ட இடம்' அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது. (பெண்களின் அந்தரங்கத்தைத் திருட்டுத்தனமாக எடுப்பவன் கதை வேறு. அவனுக்குச் சிறைதான், சந்தோஷம்.)

இத்தனையும் சொல்லியும் காவலாளி அசையவில்லை. ஆயாதான் தலைநிமிராமல் சொன்னார்: "உன் கட்டடத்தை யாரப்பா பார்த்தது? தம்பி என் கனகாம்பரத்தை அல்லவா எடுக்கிறது!"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். படத்தில் அந்தக் கட்டடம் வெறும் சாம்பல்நிற மங்கல்.