பென்சில் புள்ளி

ஜூலை 1, 2024, திங்கள்

எங்கள் ஆஸ்பத்திரிக் காப்பீட்டு டெஸ்க்குக்கு மூன்று பேர் வேண்டும் என்று போன வாரம் விளம்பரம் கொடுத்தோம். இன்று காலை என் மேஜையில் நூற்றுச் சொச்சம் பயோடேட்டா. அதைப் பாதியாகக் குறைக்கும் வித்தை எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் அத்துப்படி. படிப்பையோ அனுபவத்தையோ பார்க்க வேண்டியதில்லை, பின்கோடு போதும். சென்னை-39, சென்னை-13, சென்னை-21 என்று இருந்தால் தாளின் வலது மேல் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி வைத்ததெல்லாம் கட்டுக்கு அடியில் போய்விடும். யாரும் எதையும் எழுதுவதில்லை, சொல்வதும் இல்லை. மீறிக் கேட்டால், "முன்னாடி உட்கார்ற ஆளும்மா, பேச்சு கொஞ்சம் டீசன்ட்டா இருக்கணும்" என்பார்கள். வியாசர்பாடிக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் பேச்சு எப்படி இருக்கும் என்று இவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் எங்கள் ஆஸ்பத்திரி இருப்பதே வடசென்னையில்தான். வருகிற நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பின்கோடுகளிலிருந்து வருகிறவர்கள். பில் கட்டும் கவுண்டரில் யாரும் புள்ளி வைப்பதில்லை.

நானும் வைத்திருக்கிறேன், பதினோரு வருஷமாக. இன்று இரண்டு தாள்களில் மட்டும் ரப்பரால் அழித்து மேலே எடுத்து வைத்தேன். சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுந்திய பள்ளம் தெரிகிறது.

ஜூலை 4, வியாழன்

இன்டர்வியூ. நிர்வாக அதிகாரி, கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், நான்.

எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன். ஒரு அம்மா முதல்வர் காப்பீட்டுக்காக வந்து நிற்கிறார், கணவருக்கு ஆபரேஷன், இன்னும் அட்டை எடுக்கவில்லை, ரேஷன் ஸ்மார்ட் கார்டில் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? முதலில் வந்த இரண்டு பேரும், "சரி பண்ணிட்டு வரச் சொல்லுவேன் மேடம்" என்றார்கள். சென்னை-39 பெண் மட்டும் திருப்பிக் கேட்டாள்: "ஆபரேஷன் அவசரமா மேடம்?"

அவசரம் என்று வைத்துக்கொள் என்றேன். வீட்டிலிருந்து ஓர் ஆளை வருமான சான்றிதழ், ஸ்மார்ட் கார்டோடு பீச் ஸ்டேஷன் பக்கம் கலெக்டர் ஆபீஸ் கவுண்டருக்கு அனுப்புவாளாம். வருஷ வருமானம் 1,20,000-க்கு மேல் போனால் கிடைக்காது என்று அப்போதே சொல்லிவிடுவாளாம், இல்லாவிட்டால் அலைச்சல்தான் மிச்சம். அவர்கள் திரும்பி வருவதற்குள் இங்கே டாக்டரிடம் முன்அனுமதிக் காகிதங்களை எழுதி வாங்கி வைத்துவிடுவாள். "அப்பாவுக்கு நானே அலைஞ்சிருக்கேன் மேடம்" என்றாள். எங்கள் டெஸ்க்கில் இப்போது இருக்கிறவர்களில் இவ்வளவு தெளிவாகச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான், அவரும் அடுத்த மாதம் போகிறார்.

அப்புறம் அதிகாரி ஆரம்பித்தார். கல்யாணம் எப்போது, ஆன பிறகு வேலைக்கு வருவாயா, உடனே குழந்தை பெற்றுக்கொள்கிற எண்ணமா? "வீட்ல பேசிட்டிருக்காங்க சார்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து வந்த பையனுக்கு இருபத்தெட்டு வயது, அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவனிடம் பைக் இருக்கிறதா என்று கேட்டார்.

ஆள் எடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1976-லேயே சம ஊதியச் சட்டத்தில் எழுதி வைத்தாயிற்று. ஆனால் இன்டர்வியூவில் இன்னின்ன கேள்வி கேட்காதே என்று அதில் வரி எதுவும் இல்லை. பாகுபாடு என்று அதிகாரியே எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

ஜூலை 9, செவ்வாய்

தேர்வான மூன்று பேரும் மருத்துவப் பரிசோதனைக்கு வந்தார்கள், அந்தச் சென்னை-39 பெண்ணும் சேர்த்துத்தான். படிவத்தை நீட்டியதே நான்தான். இத்தனை வருஷமாக நீட்டுகிறேன், இன்றைக்குத்தான் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன்.

பெண்களுக்கு மட்டும் ஒரு கட்டம்: கடைசி மாதவிலக்குத் தேதி. இது எதற்கு என்று கேட்டால், எக்ஸ்-ரே எடுக்கிறோமே, கர்ப்பமாக இருந்தால் ஆபத்தில்லையா என்று பதில் தயாராக இருக்கிறது. ஆபத்துதான். அதை எக்ஸ்-ரே அறையில் அந்தப் பெண்ணிடம் ரகசியமாகக் கேட்டால் போதுமே. ஹெச்.ஆர். ஃபைலில் எதற்கு? நீரா மாத்தூர் வழக்கில் இதையேதான் உச்ச நீதிமன்றம் 1991-ல் கேட்டது. எல்.ஐ.சி. படிவத்தில் மாதவிலக்குத் தேதியைத் தவறாக எழுதினார் என்று பயிற்சிக் காலத்தில் ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். இதெல்லாம் ஒரு பெண் சொல்லக் கூசுகிற கேள்விகள், இந்தக் கட்டங்களை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி, அவருக்கு வேலையையும் திருப்பிக் கொடுத்தது நீதிமன்றம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் அச்சகத்துக்கு இன்னும் சேதி வரவில்லை போல.

அதற்குக் கீழே ரத்தப் பரிசோதனைப் பட்டியல், அதில் ஹெச்.ஐ.வி. இதைச் சட்டமே நேராகத் தடுத்திருக்கிறது. 2017-ல் போட்ட சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. வேலைக்குச் சேர ஹெச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது.

ஜூலை 11, வியாழன்

இரண்டு பேருக்குத் தகுதி. அவளுக்கு, 'தகுதி இல்லை'.

'முன்பு வந்த நோய்' என்ற கட்டத்தில் அவள் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: "டிபி. 2021. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு முடித்துவிட்டேன்." எக்ஸ்-ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு பழைய தழும்பு. முடிந்தது கதை. சளிப் பரிசோதனைகூடக் கேட்கவில்லை.

மத்தியானம் லிஃப்ட்டுக்காக நிற்கும்போது சுவரில் அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, மறைக்காமல் வாருங்கள் என்கிறது. டிபி கண்டுபிடித்தால் தனியார் ஆஸ்பத்திரியும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-லிருந்தே விதி, எங்கள் இரண்டாவது மாடியிலிருந்துதான் அந்த விவரம் போகிறது. மருந்து இலவசம், சத்துணவுக்கு 2018-லிருந்து மாதாமாதம் பணம் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அரசு இவ்வளவும் செய்து, மறைக்காதே என்கிறது. மறைக்காமல் எழுதியவளுக்கு அதே மாடியில் வேலை இல்லை.

அதுவும் இந்த ஊரில்! 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கி, 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தார்கள். நெருக்கடியான வீடுகளில் இருந்த ஏழைகள்தான் எல்லோரும். வீட்டிலேயே இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமானார்கள், அவர்கள் வீட்டு ஆட்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் அது வெளிவந்த பிறகுதான் டிபி நோயாளியை ஊரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டாம் என்று உலகம் மெதுவாக ஒப்புக்கொண்டது. நாங்கள் மருந்து முடித்து மூன்று வருஷம் ஆனவளைக் கண்ணாடி டெஸ்க்குக்குப் பின்னால் உட்கார வைக்க யோசிக்கிறோம்.

ஜூலை 15, திங்கள்

'தகுதி இல்லை' என்று எழுதிய டாக்டரிடம் போனேன். கெட்டவர் இல்லை. "நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்லம்மா. மேல டயாலிசிஸ் யூனிட் இருக்கு. நாளைக்கு ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா என் கையெழுத்துதானே மாட்டும்?" என்றார். நியாயமான பயம்தான். எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகள் வந்து போகிற இடம். அப்படியானால் சளியைப் பரிசோதியுங்கள் சார், நெஞ்சக நோய் டாக்டரிடம் ஒரு சான்று கேளுங்கள், தழும்பைப் பார்த்துவிட்டுத் தகுதி இல்லை என்றால் எப்படி என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, சான்று கொண்டு வரச் சொல்லுங்க" என்றார்.

அதோடு விடாமல் ஹெச்.ஐ.வி. விஷயத்தையும் கிளறினேன். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் புகார் அலுவலர் என்று ஒருவரை நியமிக்க வேண்டும், அதுவும் அந்த 2017 சட்டத்திலேயே இருக்கிறது. எங்களுக்கு யார் என்று பழைய ஃபைலைப் புரட்டினேன். 2019-ல் போட்ட உத்தரவு, அதில் என் பெயர், கீழே என் கையெழுத்து! எந்த மீட்டிங்கில் எதற்கு நடுவே நீட்டினார்கள் என்று சுத்தமாக நினைவில்லை. அஞ்சு வருஷமாக நான்தான் அந்த அலுவலர், நான்தான் அந்தப் பரிசோதனைக்கு ஆள் அனுப்புகிறேன். ஒரு புகாரும் வராததில் ஆச்சரியமில்லை.

டிபிக்கு அந்த அளவுக்குக்கூட ஒன்றும் கிடையாது. தொழுநோயிலிருந்து மீண்டவர்களை 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். டிபி வந்து குணமானவரை வேலைக்கு எடுக்க மறுத்தால் இந்தச் சட்டப்படி தப்பு என்று காட்ட எனக்குத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. நான் காட்டியதெல்லாம் போஸ்டர்தான்.

ஜூலை 17, புதன்

மொஹரம் லீவு. துணி துவைத்தேன். அவளுக்கு போன் போட்டு, சான்று வாங்க ஓட்டேரி நெஞ்சக நோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். விடியற்காலையிலிருந்து மைக் செட். அம்மா முருங்கைக்கீரை பொரியலும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, தூக்குவாளியில் கூழ் வாங்கி வரச் சொல்லி என்னை விரட்டினாள்.

சாப்பிடும்போது ஆபீஸ் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ மட்டும் என்ன, உன் சித்தி வீட்டு அட்ரஸ்ல தானே வேலை வாங்குன?" என்றாள்.

வாஸ்தவம். என் பயோடேட்டாவில் இருந்தது அண்ணா நகர் முகவரி. ஆர்டர் அங்கே போய், சித்தப்பா சைக்கிளில் கொண்டு வந்து கொடுத்தார். சேர்ந்து ஆறு மாதம் கழித்து, வீடு மாறிவிட்டோம் என்று எழுதிக் கொடுத்து இந்த முகவரிக்கு மாற்றிக்கொண்டேன்.

ஜூலை 26, வெள்ளி

சான்று வந்துவிட்டது. சளியில் கிருமி இல்லை, வேலைக்குத் தடையில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டார். மற்ற இரண்டு பேருக்கும் மூன்று மாதம் பயிற்சி, அவளுக்கு மட்டும் ஆறு மாதம். ஏன் என்று கேட்டேன். "சேர்த்துட்டோம்ல, அப்புறம் என்ன?" என்றார் அதிகாரி. இதையும் யாரும் எழுத்தில் தரவில்லை.

ஆர்டரை வாங்க அம்மாவோடு வந்திருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து மெல்லக் கேட்டாள்: "மேடம், அதை நான் எழுதாமலே இருந்திருக்கலாமா?"

எழுதியதுதான் சரி என்று சொல்ல வாய் வந்தது, சித்தி வீட்டு முகவரி ஞாபகம் வந்து நின்றுவிட்டது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 30, செவ்வாய்

படிவத்தில் மாதவிலக்குக் கட்டத்தையும் ஹெச்.ஐ.வி. வரியையும் எடுக்க ஒப்புதல் கிடைத்தது, ஃபைலில் 'சரி' என்று எழுதி வந்தது. ஆனால் ஸ்டோரில் பழைய படிவம் நானூறு கிடக்கிறதாம், அது தீர்ந்த பிறகுதான் புதுசு அடிப்பார்கள்.

மத்தியானம் ஸ்கேலும் கறுப்புப் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு தாளுக்கு இரண்டு இடம். நாலரை மணிக்குள் அறுபது முடிந்தது. பேனா தீர்ந்துவிட்டது, நாளைக்கு வேறு வாங்க வேண்டும்.