மேல்தட்டில் பத்துப் பேர்

"முழுப் போட்டும் நம்ம புக்கிங்தானே தம்பி, வெளியாள் ஒருத்தனும் இல்லையே?" எங்கள் ஆலப்புழைப் படகுவீட்டை வாடகைக்கு எடுத்த அண்ணாச்சி கேட்ட இந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. படகை ஓட்டும் ஸ்ராங்கு சொன்னது சரிதான். ஆனால் அது அவர் கேட்டதற்குப் பதிலா என்பதுதான் சந்தேகம்.

சம்பக்குளம் தேவாலயம் பம்பைக் கரையிலேயே இருக்கிறது. ஆலப்புழைப் படகுகள் அதை நெருங்கியதும் ஆட்கள் அந்தப் பக்கமாகப் போய் நிற்பது வழக்கம். அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு வந்திருந்த குடும்பம் அது. தேவாலயமும் ஆறும் பின்னால் தெரிய, ஒரே படத்தில் எல்லோரும் இருக்க வேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஆசை. கீழே இருந்தவர்களையும் மேலே கூப்பிட்டார். படகு லேசாகச் சாய்ந்தது. ஸ்ராங்கு எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு, பாதிப் பேர் இறங்கினால்தான் படகை எடுப்பேன் என்றார். "புக்கிங் உங்களுதுதான் சாரே. லைசென்ஸ் என்டெ பேர்ல இருக்கே."

நான் ஸ்ராங்கு பக்கம்தான் நின்றேன். இன்று படகுவீடாக ஓடும் கெட்டுவள்ளம், குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுபோகக் கட்டிய சரக்குப் படகு. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்து, அடியைத் தட்டையாக விட்டார்கள். மூட்டைகள் அடியில் கிடந்தன. பாரம் தாழ இருந்ததால் வள்ளம் அசையாமல் போனது. இன்று அதே அமைப்பின் மேல் அறை, ஏசி, தண்ணீர்த் தொட்டி, அதற்கும் மேல் இன்னொரு தட்டு. பாரமெல்லாம் உயரப் போய்விட்டது.

ஆளுக்கு 60 கிலோ என்றாலும் பத்துப் பேர் 600 கிலோ. அவர்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்தால் அந்த எடை முழுக்க ஒரு பக்கம் சேரும். கீழ்த்தட்டில் நடந்தால் சின்ன அசைவோடு போகும். மேல்தட்டில் நடந்தால் அதே நகர்வுக்குச் சாய்வு கூடும். சாய்ந்த பிறகு, அடியில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரும் தாழ்ந்த பக்கம் ஓடி அந்தச் சாய்வை இன்னும் பெரிதாக்கும். அதனால்தான் புறப்படும் முன் அடித்தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்தார்களா என்று பார்க்கச் சொல்வது. லைஃப் ஜாக்கெட் எத்தனை என்று எண்ணினால் மட்டும் போதாது. கவிழும் நேரத்தில் பெட்டியைத் திறக்க அவகாசம் இருக்காது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதுவும் இரண்டு தட்டுப் படகு. ஆட்கள் ஒரு பக்கமாக நகர்ந்ததும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். அங்கே ஏற்றியது அளவுக்கு மீறிய கூட்டம், நேரமும் பொழுது சாய்ந்த பிறகு. இதெல்லாம் தெரிந்த ஸ்ராங்கு பயப்படாமல் எப்படி இருப்பார்?

ஆனால் அன்று காற்று இல்லை. வேம்பநாட்டுக் காயலின் நடுவிலும் இல்லை. கரை கைக்கெட்டும் தூரத்தில். ஆட்கள் எண்ணிக்கை அனுமதிக்குள்தான் இருந்தது. பாதிப் பேரை எதிர்ப்பக்கம் உட்கார வைத்து, இரண்டு தடவையாகப் படம் எடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது. மெதுவாகச் சொல்லியிருந்தால் அண்ணாச்சியே இறங்கியிருப்பார். பேரன் பேத்திகள் பார்க்க, படகை நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டாம். உடனே இன்னொரு நினைப்பும் வருகிறது: மெதுவாகச் சொல்லும் அந்த இரண்டு நிமிடத்தில் இன்னும் நாலு பேர் ஏறியிருந்தால்?

சாப்பாட்டுக்குப் படகைக் கரையில் ஒதுக்கியபோது, முன்னும் பின்னும் கயிறு கட்டியபிறகு, ஸ்ராங்கே வந்து "இப்ப எடுத்துக்கோங்க" என்றார். பின்னால் தென்னை மட்டும்தான். அண்ணாச்சி படத்துக்கு நின்றார். வாழையிலையில் பொரித்த கரிமீனைத் தொடவில்லை.

இப்போது முன்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: படகு ஓடும்போது மேல்தட்டில் எத்தனை பேர் என்பதை ஸ்ராங்கு சொல்வார், எல்லோரும் சேர்ந்த படம் படகைக் கரையில் கட்டிய பிறகு மட்டும், திரும்பும் நேரம் அவர் முடிவு. "அப்ப மேல்தட்டு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வேறு படகு பார்க்கப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்த மேல்தட்டைப் படம் பிடித்துக் காட்டித்தான் வாடகை கூட்டி வாங்குகிறோம்.